கெட்டில் உப்புக்கறைக்கு சிட்ரிக் ஆசிட்: வாங்கலாமா?

போர் தண்ணீர் புழங்கும் வீடுகளில் எலக்ட்ரிக் கெட்டிலின் அடித்தட்டில் சில வாரங்களிலேயே வெள்ளையாக உப்பு படிந்துவிடும். அதைப் போக்க டாய்லெட் க்ளீனர் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டாய்லெட்டுக்கான திரவங்கள் பெரும்பாலானவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். அதிலுள்ள குளோரைடு, எவர்சில்வரைக் காக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலத்தை உடைத்துப் புள்ளி புள்ளியாக அரிக்கும். நிறத்துக்கும் வாசனைக்கும் சேர்த்தவை மூடி ரப்பரிலும் வடிகட்டி வலையிலும் தங்கிவிடும். அவை எதுவும் வாயில் படுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் இதற்குச் சரியான மாற்று. வாங்கும்போது பாக்கெட்டில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் (14 இலக்கம்) இருக்கிறதா என்று பாருங்கள். உணவுச் சேர்க்கைப் பட்டியலில் இதன் எண் 330. தொழிற்சாலைத் தரம் என்று மலிவாக விற்பது பாத்திரத்துக்கு வேண்டாம்.

அளவு: 1 லிட்டர் தண்ணீருக்கு 2 டீஸ்பூன். கறை முழுகும் அளவு தண்ணீரைக் கொதிக்கவைத்து, சுவிட்சை அணைத்து, கொதி அடங்கிய பிறகு தூளைச் சிறிது சிறிதாகப் போடவும். கொதிக்கிற தண்ணீரில் மொத்தமாகக் கொட்டினால் கார்பன் டை ஆக்சைடு நுரைத்துப் பொங்கி வெளியே வழியும், ஆவியும் தொண்டையைப் பிடிக்கும். 20 நிமிடம் ஊறட்டும். கறை மீதி இருந்தால் அதே கரைசலைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவைப்பதுதான் பலர் செய்யும் தவறு. அமிலம் தீர்ந்த கரைசல் சூடாகும்போது கால்சியம் சிட்ரேட் பிரிந்து, புதிதாக ஒரு வெள்ளைப் படிவை உண்டாக்கும். பழையதைக் கொட்டிவிட்டுப் புதிய கரைசல் ஊற்றுங்கள். பிறகு மூன்று முறை அலசி, ஒரு முறை வெறும் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்டினால் போதும். கம்பி நார் தேவையே இல்லை.

குறைகளும் உண்டு. கார்பனேட் கறை, அதாவது சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் படிவு மட்டுமே இதில் நன்றாகக் கரையும். சிலிக்கா கலந்த கண்ணாடி போன்ற படிவு அசையாது. பழக்கிய இரும்புத் தோசைக்கல்லில் பட்டால் துருப்பிடிக்கும். அலுமினிய குக்கரில் நீண்ட நேரம் ஊறவிடக் கூடாது. எல்லாவற்றையும்விட, மேடை கடப்பா கல்லாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அது சுண்ணாம்புக்கல் வகை, கரைசல் சிந்திய இடம் மங்கிப்போகும். கிரானைட்டுக்கு அந்தப் பயமில்லை.

ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் இருக்கும் அதே சிங்க்கில் இதைக் கொட்டாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூச்சு முட்டும். தூள் பார்க்கச் சர்க்கரை மாதிரியே இருக்கும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி, சமையல் சாமான்களோடு சேராமல் தனித் தட்டில் வைக்கவும்.