கலந்த ஜல்லி என்று பணம் வாங்கிவிட்டு முக்கால் ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போனார்கள்

பல்லடம், சூலூர் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், கட்டப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எந்தக் கிரஷர் (கல் உடைக்கிற ஆலை), எந்த சப்ளையர் என்று பெயர் போடவில்லை. ஏமாந்த விதம் தெரிந்தால் போதும், விசாரித்த வரையில் இது ஒரே ஆள் செய்கிற வேலையும் இல்லை.

போன மாதம் தரைத்தளத் தூண்கள் ஒன்பதுக்கும் கான்கிரீட் போட்டோம். மறுநாள் சாயங்காலம் செண்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கி நிற்கிற அச்சுப் பலகை) பிரித்தார்கள். முதல் இரண்டு தூண் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவதில், அடியிலிருந்து முழங்கால் உயரத்துக்கு, சிமெண்ட் பால் எதுவும் இல்லாமல் வெறும் ஜல்லி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தேனடை மாதிரி நின்றது. கீழே கிடந்த ஒரு ஆணியை எடுத்து ஓட்டையில் விட்டேன். தடையே இல்லாமல் போய் உள்ளே கம்பியில் 'டங்' என்று இடித்தது. கம்பியை மூடி 40 எம்.எம். கான்கிரீட் (கவர்) இருக்க வேண்டிய இடம் அது. எண்ணிப் பார்த்தால் ஒன்பதில் நான்கு தூண் இப்படி.

எனக்கு வந்த கோபத்தில் மேஸ்திரியைத்தான் பிடித்துக்கொண்டேன். கலவையைக் குலுக்கி இறக்குகிற வைப்ரேட்டரைச் சரியாக விடவில்லை என்று இரண்டு நாள் அவரோடு மல்லுக்கட்டினேன். "விட்டோமுங்க, நீங்களும் நின்னு பாத்தீங்கல்ல" என்றார். நின்று பார்த்தது உண்மைதான். (அண்ணா, இதைப் படித்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.)

மூன்றாம் நாள் இன்ஜினியர் வந்தார். தூணை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக ஜல்லிக் குவியலுக்குப் போய், மேலே இருந்ததை ஒதுக்கி உள்ளே கைவிட்டு ஒரு பிடி அள்ளி என் கையில் கொட்டினார். எல்லாம் ஒரே அளவு. சில கல் 20 எம்.எம்.முக்கும் பெரியது. பாதிக்கு மேல் ஓட்டுச் சில்லு மாதிரி தட்டை. "இதுல அரை ஜல்லி எங்கே சார்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நான் ஆர்டர் கொடுத்தது முக்கால் ஜல்லி (முக்கால் அங்குலம், 20 எம்.எம்.) 60, அரை ஜல்லி (அரை அங்குலம், 12 எம்.எம்.) 40 என்ற கணக்கில் கலந்த ஜல்லி, 8 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). கலந்து தருவதற்கென்றே யூனிட்டுக்கு 300 ரூபாய் கூடக் கொடுத்திருந்தேன்.

இதில் என்ன பெரிய விஷயம், கல் பெரிதாக இருந்தால் பலம்தானே என்று நானும் நினைத்தவன்தான், நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். இன்ஜினியர் அங்கேயே ஒரு 10 லிட்டர் பக்கெட்டை எடுத்து அந்த ஜல்லியை விளிம்பு வரை நிரப்பச் சொன்னார். ஒரு லிட்டர் பாட்டிலால் தண்ணீர் ஊற்றினோம். நாலரை லிட்டர் போனது! நிறைந்திருப்பதாகத் தெரிந்த பக்கெட்டில் கிட்டத்தட்ட பாதி வெறும் சந்து. பக்கத்து சைட்டில் அரை ஜல்லி கிடந்தது, அவர்களிடம் கேட்டு வாங்கி மூன்று பங்குக்கு இரண்டு பங்கு கலந்து நிரப்பினால் நாலு லிட்டரிலேயே தண்ணீர் விளிம்புக்கு வந்துவிட்டது. பெரிய கல்லின் சந்தில் சின்னக் கல், சின்னக் கல்லின் சந்தில் மணல், மணலின் சந்தில் சிமெண்ட் பால் என்று இறங்கி அடைய வேண்டும். நடுவில் ஒரு அளவு காணாமல் போனால் அந்த இடத்தை மணலும் சிமெண்ட்டும்தான் அடைக்க வேண்டும். நம் கலவையில் அதற்கு மிச்சம் இருக்காது. அதுவும் தூணின் அடியில் ஏற்கனவே நிற்கிற கம்பியோடு புதுக் கம்பி சேர்ந்து நிற்பதால் இடைவெளி பாதியாகிவிடும், தட்டைக் கல் அங்கே குறுக்கே படுத்துக்கொள்ளும், அதன் பின்னால் வருகிற கலவை அப்படியே நின்றுவிடும். என் தூண்கள் அடியில் கெட்டதற்கு இதுதான் காரணம்.

மிச்சம் இருந்த ஜல்லியையும் எம்.சாண்டையும் (கல்லை உடைத்துச் செய்கிற மணல்) தெரிந்தவர் மூலம் ஒரு காலேஜ் லேபில் கொடுத்துச் சலித்துப் பார்த்தோம். ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தர விதிக் கணக்குப்படி 20 எம்.எம். கலந்த ஜல்லி என்றால் 10 எம்.எம். சல்லடையில் 25லிருந்து 55 சதவீதம் கீழே இறங்க வேண்டும். நம்முடையது இறங்கியது 6. எம்.சாண்ட் அதைவிட மோசம். உடைத்த மணலில் 75 மைக்ரானுக்குக் கீழே உள்ள தூள் 15 சதவீதம் வரை இருக்கலாம், இதில் 24 இருந்தது. கிரஷர் டஸ்ட்டை அள்ளிக் கலந்திருக்கிறார்கள். தூள் தண்ணீரைக் குடிக்கும், கலவை இறுகும், சட்டி தூக்குகிறவர்கள் "ஓடலைங்க" என்பார்கள், உடனே இன்னொரு குடம் தண்ணீர் போகும். எம் 20 தரக் கான்கிரீட்டுக்கு ஒரு மூட்டை சிமெண்ட்டுக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் போகக் கூடாது என்று கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 விதியில் இருக்கிறது. அன்று எங்கள் மெஷினில் 40ஐத் தொட்டிருக்கும் என்று மேஸ்திரியே பிறகு ஒப்புக்கொண்டார்.

சப்ளையருக்குப் போன் அடித்தேன். "கலந்துதானுங்க அனுப்பிச்சோம். வண்டி குலுங்கறதுல சின்னது அடியில எறங்கியிருக்கும், குவியலக் கெளறிப் பாருங்க" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, குலுங்கினால் சின்னக் கல் அடிக்குப் போகவும் செய்யும். அதனால் கிளறியும் பார்த்தோம். இரண்டு ஆள் வைத்து, தரை தெரியும் வரை. எல்லாம் முக்கால்தான்.

உண்மை வெளியே வந்தது டிரைவர் மூலமாக. வேறொரு சைட்டுக்கு லோடு இறக்க வந்தவரை டீக்கடையில் பிடித்தேன். அன்றைக்கு அரை ஜல்லி ஸ்டாக்கே இல்லையாம். டிப்பர் முழுக்க முக்காலை ஏற்றிவிட்டு, மேலாக மட்டும் ரெண்டு பக்கெட் சின்ன ஜல்லியை லோடரால் தூவச் சொன்னார்களாம். நான் வண்டியில் ஏறி எட்டிப் பார்த்தது அந்த மேல்பகுதியைத்தான், அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு இறங்கியும் விட்டேன்.

பில்லை எடுத்துப் பார்த்தால் 'ப்ளூ மெட்டல் 8 யூனிட்' (ப்ளூ மெட்டல் என்றால் பொதுவாக ஜல்லி) என்று மட்டும் இருக்கிறது. அளவும் இல்லை, கலவை விகிதமும் இல்லை. 60-40 பேச்செல்லாம் போனில் பேசியது. வக்கீலாக இருக்கிற நண்பரிடம் காட்டியதற்கு, இதை வைத்துக்கொண்டு நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனால் இழுத்தடிக்கும்டா என்றார்.

செலவு? ஒரு தூணை உடைத்துத் திரும்பப் போட்டோம். மூன்றைக் கெட்டி வரை கொத்தி எடுத்து, ரிப்பேருக்கென்று விற்கிற மைக்ரோ கான்கிரீட் ஊற்றினோம். கூலி, சரக்கு, முட்டுக் கொடுத்தது எல்லாம் சேர்த்து அறுபதாயிரத்தைத் தாண்டியது. நான் மிச்சம் பிடிக்க நினைத்தது எதிலும் இல்லை என்பதுதான் கடுப்பு. கம்பிக்குக் கம்பெனி பார்த்தேன், சிமெண்ட் மூட்டையில் வாரம், வருடம் பார்த்தேன். கலவையில் முக்கால்வாசி இடத்தை அடைக்கிற கல்லையும் மணலையும் மட்டும் பார்க்கவில்லை.

இப்போது முக்காலையும் அரையையும் தனித்தனி லோடாக வாங்கி, தனித்தனியாகக் கொட்டி, மெஷினில் மூன்று சட்டிக்கு இரண்டு சட்டி என்று நாங்களே போடுகிறோம். கலந்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பில்லில் எம்.எம். எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அந்த வண்டி வேண்டாம். ராத்திரி லோடு வாங்கவே வாங்காதீர்கள். இறக்கியதும் நடுவிலும் அடியிலும் அள்ளிப் பாருங்கள், 10 எம்.எம். கண்ணுள்ள சல்லடை ஒன்றை ஹார்டுவேர் கடையில் வாங்கி வைத்துக்கொண்டால் ஐந்து நிமிட வேலை. எம்.சாண்டைக் கண்ணாடி பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள், மேலே தூள் தனியாகப் படியும், எவ்வளவு என்று கண்ணுக்கே தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை சப்ளையர் கூப்பிட்டு, பாக்கி 18,000 எப்போது தருவீர்கள் என்றார். மிச்ச ஜல்லி வாசலில்தான் கிடக்கிறது, வண்டி அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் பாக்கியைப் பேசலாம் என்றேன். இன்னும் வண்டி வரவில்லை.