புனித மரியாள் ஆலய முற்றம்: குழியை இழந்த கல்லறைக் கற்கள்

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயத்துக்கு வருபவர்களில் பலர் 1753இல் ராபர்ட் கிளைவ் மணம் புரிந்த பீடத்தையும் தாமஸ் மன்றோவின் சமாதியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். என் கருத்தில் இங்கே முதலில் பார்க்க வேண்டியது வெளிமுற்றத்தைத்தான். அங்கே தளக்கற்களாகப் பதிந்திருப்பவை அத்தனையும் கல்லறைக் கற்கள்.

முதல்முறை என்னை அழைத்துச் சென்ற வழிகாட்டி, ஒவ்வொரு கல்லுக்கும் அடியில் ஒருவர் உறங்குவதாகச் சொன்னார். அது சரியன்று. இக்கற்கள் பிற்காலத்தில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்திலிருந்த பழைய ஆங்கிலேய இடுகாட்டைச் சேர்ந்தவை. 1758–59இல் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, அங்கிருந்த உயரமான கல்லறைகளின் மறைவில் நின்று தாக்கியது. மறுபடியும் எந்தப் பகைவனுக்கும் அந்த மறைவு கிடைத்துவிடக் கூடாது என்று இடுகாட்டையே இடித்து, பெயர் பொறித்த பலகைக் கற்களை மட்டும் இங்கே கொண்டுவந்து பதித்தார்கள். உடல்கள் அங்கேயே தங்கிவிட்டன. இந்த ஒரு செய்தியைத் தெரிந்துகொண்டு போனால் முற்றம் முழுவதும் வேறாகத் தோன்றும்.

அன்று இடிபடாமல் தப்பியவற்றுள் ஒன்று கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோசப் ஹின்மரின் கல்லறை. அவருடைய விதவை கேத்தரின், 1680இல் இதே ஆலயத்தின் முதல் திருமணத்தில் எலிஹு யேலை மணந்தார். அவர்களுடைய சின்னஞ்சிறு மகன் டேவிட் இறந்தபோது, முதல் கணவரை அடக்கம் செய்த அதே இடத்தில்தான் அவனையும் அடக்கம் செய்தார்கள். யேல் என்றதும் அவர் பெயரைத் தாங்கிய அமெரிக்கப் பல்கலைக்கழகம் நினைவுக்கு வருவது இயல்புதான். எனக்கு அந்தத் தாய்தான் நினைவுக்கு வருகிறார்.

முற்றத்துக் கற்களில் மிகப் பழையது 1652இல் இறந்த எலிசபெத் பேக்கருடையது; அப்போது கோட்டைக்குப் பன்னிரண்டு வயதுதான். பிற கற்களில் லத்தீன், போர்ச்சுகீசிய வாசகங்களும் குடும்பச் சின்னங்களும் காணப்படுகின்றன. காலை ஏழரை, எட்டு மணிக்குப் போவது நல்லது. சாய்ந்து விழும் வெயிலில், தேய்ந்த எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கி, வெறும் கல் என்று நாம் நினைத்ததில் ஒரு பெயர் மெல்லத் துலங்கும். உச்சி வெயிலில் அதே கல் மொட்டையாகக் கிடக்கும். முந்தைய நாள் மழை பெய்திருந்தால் எழுத்துகளுக்குள் நிற்கும் நீரே வாசிக்க உதவும். சுண்ணக்கட்டியோ மாவோ தேய்த்துப் படிக்க முயலாதீர்கள், அது கல்லைக் கெடுக்கும்.

கோட்டை வாசலில் பாதுகாப்புச் சோதனை உண்டு என்பதால் அடையாள அட்டை அவசியம். கற்களின் மேல் நடக்காமல் முற்றத்தைச் சுற்றுவது கடினம் என்றாலும், எழுத்து இருக்கும் பக்கத்தையாவது விலகி நடக்க வேண்டுகிறேன். முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பெயர்களில் சில, இப்போதே விரலால் தடவினால் மட்டுமே அகப்படுகின்றன.