சான்றிதழா, வரைபடப் புள்ளியா: 6 ஏக்கர் காப்பித் தோட்டத்துக்கு எது போதும்?

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்குள்ள 6 ஏக்கர் காப்பித் தோட்டத்துக்கு, ஒரு குழுவின் வழியாகப் பெற்றிருந்த சூழல் சான்றிதழைப் புதுப்பிப்பதா, ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடைச் சட்டம் கேட்கிறபடி தோட்டம் இருக்கும் இடத்தை வரைபடப் புள்ளியாகப் பதிவதோடு நிறுத்திக்கொள்வதா என்ற கேள்வி வந்தபோது, நான் பதிவோடு நிறுத்திக்கொண்டேன். ஆகவே இதை நடுநிலையான தராசாக எண்ண வேண்டாம்.

2023-இல் இயற்றப்பட்ட அச்சட்டம், ஐரோப்பிய ஒன்றியச் சந்தைக்குப் போகும் காப்பி, ரப்பர், கோகோ, சோயா, எண்ணெய்ப்பனை, மரம், மாடு ஆகியவற்றுக்குப் பொருந்தும். 2020 டிசம்பர் 31-க்குப் பின் காடழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்ததா, உள்நாட்டுச் சட்டப்படி விளைந்ததா என்பவையே அதன் முதன்மைக் கேள்விகள். 4 ஹெக்டேர், அதாவது சுமார் 10 ஏக்கர் வரை, அட்சரேகையும் தீர்க்கரேகையும் கொண்ட ஒரே புள்ளி போதும். அதற்கு மேற்பட்டால் எல்லை முழுவதையும் வரைந்து காட்ட வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புச் சுமைதான். சான்றிதழுக்கு மருந்து தெளித்த நாள், கூலிப் பதிவேடு, காப்பிப் பழத்தின் தோலை நீக்கும் பல்ப்பர் இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுநீர் என ஆண்டுதோறும் கணக்கு வைத்துத் தணிக்கைக்குக் காட்ட வேண்டும். 200 ஏக்கர் எஸ்டேட்டில் இதற்கென ஓர் எழுத்தர் இருப்பார், எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நான்தான் எழுதினேன். புள்ளியோ ஒருமுறை பதிந்தால் நகராது. மேலும், பாமாயில் போன்ற பொருள்களில் சான்று பெற்றதையும் பெறாததையும் கலந்து, அளவை மட்டும் கணக்கில் சரிக்கட்ட சான்றிதழ்த் திட்டங்கள் இடம் தருகின்றன; சட்டம் அதை ஏற்பதில்லை. இடம் தெரியாத ஒரு மூட்டை சேர்ந்தாலும் முழுச் சரக்கும் கெட்டுவிடும் என்பதால், சிறு விவசாயியின் புள்ளிக்கு வியாபாரியிடம் மதிப்பு உண்டாகிறது. சான்றிதழ் இருந்தாலும் இறக்குமதியாளரின் பொறுப்பு நீங்குவதில்லை.

ஆனால் இரண்டு முறை தள்ளிவைக்கப்பட்டு, பெரிய நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30 முதல் அமல் என்று நிற்கும் சட்டத்தின்கீழ் நான் இன்னும் ஒரு மூட்டைகூட விற்றதில்லை. விலை கூடுமா என்பதைச் சொல்லும் அனுபவம் எனக்கில்லை.

இன்னொரு குறை உறுத்துகிறது. காப்பித் தோட்டம் வேளாண் நிலமாகக் கருதப்படுவதால், நாட்டு மரங்களை வெட்டிவிட்டு வரிசையாகச் சில்வர் ஓக் நட்டாலும் சட்டத்தின் பார்வைக்கு அது காடழிப்பன்று. நிழல் மரங்களைப் பற்றிக் கேட்பவர் சான்றிதழ்த் தணிக்கையாளர்தான். எங்கள் தோட்டத்தில் பலாவும் கல்யாண முருங்கையும் இன்றும் நிற்பதற்குக் காரணம் சட்டமும் அல்ல, சான்றிதழும் அல்ல. அவற்றின்மீது மிளகுக்கொடி ஏறியிருக்கிறது.