ஒரே தொகுதியின் இரு நிலக்கிழார்கள்: சைமன் டெய்லரும் ஜார்ஜ் வில்லியம் கோர்டனும்

ஜமைக்காவின் கிழக்குப் பகுதியான செயின்ட் தாமஸிலிருந்து, வெவ்வேறு காலங்களில் சட்டமன்றத்துக்குச் சென்ற இவ்விருவரும் நிலக்கிழார்களே. கரும்புத் தோட்டங்களையும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகளையும் விட்டுச்சென்று 1813இல் இறந்த டெய்லர், அடிமை வணிக ஒழிப்பைக் கடுமையாக எதிர்த்தவர். கோர்டனோ தோட்ட முதலாளி ஒருவருக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்து, தம் முயற்சியால் நிலம் சேர்த்து, கடன்சுமைக்கு நடுவிலும் ஏழை உழவர்களுக்காகப் பேசியவர். 1865இல் செயின்ட் தாமஸின் மோரன்ட் பே நகரில் ஏழைக் கறுப்பின மக்களின் கிளர்ச்சி வெடித்தபோது, அதைத் தூண்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, இராணுவச் சட்டம் நடைமுறையில் இல்லாத கிங்ஸ்டனில் சரணடைந்த அவரை, ஆளுநர் எயர் அச்சட்டம் நிலவிய மோரன்ட் பேக்குக் கப்பலில் கொண்டுசென்று, இராணுவ விசாரணைக்குப் பின் அக்டோபர் 23 அன்று தூக்கிலிடச் செய்தார். அதை விசாரணை என்பதே மிகை. ஜமைக்கா நாடாளுமன்றக் கட்டடத்துக்குக் கோர்டனின் பெயரே சூட்டப்பட்டுள்ளது.