ஒரே பட்டன், இரண்டு இடங்கள்: படிவத் தகவலை யார் சுமப்பது?

மயிலாப்பூர் சபா ஒன்றுக்கு, மார்கழிக் கச்சேரிகள் தொடங்கும் முன் உறுப்பினர் சந்தாவைப் புதுப்பிக்க இணையப் படிவம் அமைத்துத் தரும் வேலை எங்கள் மேற்கு மாம்பலம் அலுவலகத்துக்கு வந்தது. "பேரும் நம்பரும் நம்மகிட்டயும் இருக்கணும் சார், பணத்தை பேமெண்ட் கேட்வே பக்கத்துல கட்டணும், ஆனா பட்டன் ஒண்ணுதான் இருக்கணும்" என்றார் செயலாளர். ஒரு படிவத்தை ஒரு முகவரிக்குத்தான் அனுப்ப முடியும். கேட்வே என்பது பணம் வசூலித்துத் தரும் வெளி நிறுவனத்தின் தளம். அதன் முகவரியைக் கொடுத்தால் தகவல் நம் சர்வரைத் தொடாமலே போய்விடும். நம் முகவரியைக் கொடுத்தால் பணம் கட்ட வந்தவர் நம் பக்கத்திலேயே நின்றுவிடுவார். இதற்கு நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. அவை ஒன்றுக்கொன்று மாற்று என்று பலர் நினைப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

பட்டனை அழுத்தியதும் ஜாவாஸ்கிரிப்ட் மூலம் ஒரு பிரதியை நம் சர்வருக்கு அனுப்பிவிட்டுப் படிவத்தைக் கேட்வேக்குத் தள்ளுவது முதல் வழி. எழுதுவதற்கு எளிது என்பதைத் தவிர இதில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. மின்சார ரயிலில் சிக்னல் விட்டு விட்டு வரும் கைபேசியிலிருந்து ஒருவர் அனுப்பும்போது, பிரதி வந்து சேரும் முன்பே பக்கம் மாறிவிட்டால் பணம் மட்டும் வரும், பெயர் வராது. தொகையையும் உலாவியில் இருப்பவர் விருப்பப்படி மாற்றிவிடலாம்.

இரண்டாவது வழி, தகவலை நம் சர்வரில் வாங்கிச் சேமித்துவிட்டு, உலாவியைக் கேட்வேக்குத் திருப்பிவிடுவது. 'வேறு முகவரிக்குப் போ' என்று சொல்லும் வழக்கமான 302 திருப்பலில், தகவலைச் சுமந்து போகும் போஸ்ட் கோரிக்கையை, பக்கத்தை மட்டும் கேட்கும் கெட் கோரிக்கையாக உலாவிகள் மாற்றிவிடுவதால் தகவல் வழியிலேயே உதிர்ந்துவிடும். அதற்காகவே 1999-இல் வெளிவந்த, உலாவியும் சர்வரும் பேசும் விதிமுறையான எச்டிடிபி 1.1-இன் வரையறையில் 307 என்ற எண் சேர்க்கப்பட்டது. அது கோரிக்கையை அப்படியே மறுமுனைக்குக் கொண்டுசேர்க்கும். அந்த 'அப்படியே' என்பதுதான் சிக்கல். நம் சர்வர் தகவலைப் பார்க்கலாம், சேமிக்கலாம், ஆனால் போகும் உள்ளடக்கத்தில் ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது. சந்தாத் தொகையை நாமே நிரப்புவதோ, கைபேசி எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை நீக்குவதோ நடக்காது.

மூன்றாவது வழியில் உலாவிக்கு வேலையே இல்லை. நம் சர்வரே, பிற தளங்களுக்குக் கோரிக்கை அனுப்பும் கர்ல் போன்ற கருவியின் மூலம் மறுமுனையோடு பேசுகிறது. தகவலைத் திருத்தலாம், தேவையற்றதை விலக்கலாம், வரும் பதிலைப் படித்துப் பிழை இருந்தால் மீண்டும் அனுப்பலாம். செய்திமடல் பட்டியலில் பெயர் சேர்ப்பது, குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனத்துக்கு எண்ணைக் கொடுப்பது போன்றவற்றுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் சர்வர் நிரல்மொழியான பிஎச்பியில் எழுதுபவர் இரண்டு இடங்களில் இடறுவார். அனுப்பும் தகவலை அர்ரேயாக, அதாவது மதிப்புகளின் பட்டியலாகக் கொடுத்தால், கோப்புகளை அனுப்பப் பயன்படும் மல்டிபார்ட் வடிவில் அது போகும். வழக்கமான படிவ வடிவத்தை மட்டும் ஏற்கும் தளம் அதைக் காலியான படிவமாகவே காணும். கால வரம்பு இன்னும் மோசம்: நாமாகக் குறிப்பிடாவிட்டால் இணைப்புக்காகக் கர்ல் 300 விநாடிகள் வரை காத்திருக்கும், மொத்த நேரத்துக்கோ வரம்பே கிடையாது. பிஎச்பி நிரல்களை இயக்கும் பிஎச்பி-எஃப்பிஎம் நிறுவியபடியே இருந்தால், கோரிக்கைகளைக் கவனிக்க ஒரே நேரத்தில் 5 வேலையாட்கள்தான். மறுமுனை தூங்கிவிட்டால் ஐந்து பேர் பட்டனை அழுத்தியதுமே நம் தளமும் தூங்கிவிடும்.

இருந்தும் பணம் கட்டும் பக்கத்துக்கு இது உதவாது. வந்தவரை அடையாளம் காணக் கேட்வே கொடுக்கும் செஷன் குக்கீ என்ற சிறு குறிப்பு, அவருடைய உலாவிக்குப் போகாமல் நம் சர்வருக்கு வந்துவிடும். அட்டை எண்ணைத் தட்ட வேண்டிய மனிதர் அங்கே இல்லை. அவர்களுடைய பக்கத்தை வாங்கி நம் முகவரியில் அச்சிட்டுக் காட்டும் வேலையையும் பார்த்திருக்கிறேன். அட்டை விவரத்தை நம் முகவரியில் தட்டச் சொல்வது, பார்வைக்கு மோசடிப் பக்கத்திலிருந்து வேறுபட்டதல்ல.

சபாவுக்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது நான்காவது வழி. படிவம் முதலில் நம் சர்வருக்கு வருகிறது. தகவலைச் சரிபார்த்து, ஆர்டர் எண் ஒன்றோடு சேமித்து, திரையில் தெரியாத மறைபுலங்கள் கொண்ட சிறு பக்கம் ஒன்றைத் திருப்பித் தருகிறோம். அது திறந்தவுடன் தானாகவே கேட்வேக்குச் சமர்ப்பித்துக்கொள்கிறது. மறைபுலமும் பயனர் கைக்கு எட்டக்கூடியதுதான், 2,500 என்ற தொகையை 25 ஆக்க உலாவியின் டெவலப்பர் கருவி போதும். ஆகவே தொகையை நம் தரவுத்தளத்திலிருந்தே எடுத்து, ஆர்டர் எண்ணோடும், எங்களுக்கும் கேட்வேக்கும் மட்டும் தெரிந்த இரகசியச் சாவியோடும் சேர்த்து, ஹாஷ் எனும் சரிபார்ப்பு முத்திரையைக் கணக்கிட்டு அனுப்புகிறோம். இலக்கம் மாறினால் ஹாஷ் பொருந்தாது. சுத்தம் செய்வதெல்லாம் ஹாஷுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும், ஏனெனில் 2500 என்பதும் 2500.00 என்பதும் ஹாஷுக்கு வெவ்வேறு எழுத்துச் சரங்கள்.

சுத்தம் செய்வதில் நான் செய்த தவறு ஒன்று. பெயருக்கு 25 என்று வரம்பு வைத்து, பைட் (கணினிச் சேமிப்பின் சிறு அலகு) கணக்கில் வெட்டும் சார்பை (ஃபங்ஷன்) பயன்படுத்தியிருந்தேன். 'மீனாட்சிசுந்தரம்' நம் கணக்கில் 9 எழுத்து. எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் எண் தரும் யூனிகோடில் 16 குறியீடு. அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் குறியீட்டுக்கு 3 பைட் வீதம் 48 பைட். இருபத்தைந்தில் வெட்டியதும் அவர் 'மீனாட்சி' ஆகி, பின்னால் ஒரு உடைந்த பைட்டும் தொங்கியது. அந்த ஒரு பைட்டால், தகவலை ஜேசான் என்ற பரிமாற்ற வடிவமாக ஆக்கும் சார்பு மொத்தத் தகவலையும் நிராகரித்தது. தமிழில் கையாளும்போது எழுத்துக்கூட்டமாக, அதாவது உயிர்மெய்யை ஒரே எழுத்தாகக் கொண்டு வெட்டும் சார்பே சரி. வெறுமனே குறியீட்டுக் கணக்கில் வெட்டினாலும் கால், கொம்பு, புள்ளி தனியே பிரிந்துவிடக்கூடும்.

நான்காவது வழியின் பலவீனம் திரும்பி வரும்போது தெரியும். பணம் கட்டியவரை கேட்வே போஸ்ட் மூலம் நம் தளத்துக்கு அனுப்பும்போது, 2020 பிப்ரவரியில் வந்த குரோம் 80 முதல் நம் செஷன் குக்கீ பெரும்பாலும் உடன் வருவதில்லை. உறுப்பினர் உள்ளே நுழையாதவராகத் தோன்றுவார். வேறு தளத்திலிருந்து வரும் போஸ்டோடு குக்கீயை அனுப்பாத அந்த விதியைத் தளர்த்துவதைவிட, ஆர்டர் எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பதையே நான் விரும்புகிறேன். சிலர் பணம் கட்டியதும் உலாவியை மூடிவிடுவதால், ரசீது கொடுக்க அந்தத் திரும்பலையும் நம்பவில்லை. கேட்வேயின் சர்வர் எங்கள் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் தகவலில் ஹாஷைச் சரிபார்த்த பிறகே ரசீது போகிறது. மூன்றாவது வழி அங்கே எதிர்த்திசையில் வேலை செய்கிறது.