அரசு வேலைக்கு அப்ளை பண்ண தண்டையார்பேட்டை பிரவுசிங் சென்டர்: போகலாமா?

போகலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒப்படைக்காதீர்கள். 2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததைப் பார்த்ததிலிருந்து, பி.இ. கெமிக்கல் முடித்த என் தங்கைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் உதவிப் பொறியாளர் ஆகணும் என்று ஒரே பிடிவாதம். முன்பு வாரியமே நேரடியாக ஆள் எடுத்தது, இப்போது டிஎன்பிஎஸ்சி வழியாகத்தான். முதலில் அதன் தளத்தில் ஒருமுறைப் பதிவு (ஒன் டைம் ரெஜிஸ்ட்ரேஷன்), 150 ரூபாய், 5 வருஷத்துக்குச் செல்லும். தேர்வுக் கட்டணம் தனி.

இதற்காகத்தான் இந்தக் கடைக்குப் போனோம். அங்கே உட்காரும் அக்கா கெட்டிக்காரர். போட்டோ 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி, இது தவறினால் தளம் ஏற்காது. அவர் வெள்ளைத்தாளில் மூன்று தடவை கையெழுத்துப் போடச் சொல்லி, நல்லதாக ஒன்றை வெட்டி நொடியில் ஏற்றிவிட்டார். தமிழ்வழிச் சான்றிதழ் இருக்கா, சாதிச் சான்றிதழில் இருக்கிற பெயரும் மார்க் ஷீட்டில் இருக்கிற பெயரும் ஒன்றா என்று அவரே கேட்டார்.

பிடிக்காதது, பாஸ்வேர்டை அவரே வைத்து கடை நோட்டில் எழுதிக்கொள்வது. யார் வேண்டுமானாலும் புரட்டலாம், மேஜை மேலேயே கிடக்கிறது! நாங்கள் வீட்டுக்கு வந்ததும் மாற்றிவிட்டோம். உங்கள் மெயில், உங்கள் நம்பர் மட்டும் கொடுங்கள், ஓடிபி கடை போனுக்குப் போக விடாதீர்கள். வாங்குகிற காசுக்கு ரசீதும் கிடையாது.

அப்புறம், கடைசி தேதி நெருங்கும்போது போனால் சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும், கூட்டமும் தெருவரை நிற்கும்.