ஓவருக்கு ஒரு பிடி: ஐபிஎல் சோபாவா, கண்டீரவா படிக்கட்டா?

போன வருடம் மார்ச்சில் மூணு மாச சராசரி சுகர் 6.1 என்று வந்தது. 5.7-ஐத் தாண்டினாலே சர்க்கரை நோயின் வாசல்படியில் கால் வைத்த மாதிரி. "ராத்திரி என்ன சாப்பிடறீங்க?" என்று டாக்டர் கேட்டார். "மேட்ச் இருக்கற நாளா, இல்லாத நாளா சார்?" என்று நான் திருப்பிக் கேட்டதிலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அந்த மாதக் கடைசியில், திட்டமிடாமலேயே, ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு இரவுகள் அடுத்தடுத்துக் கிடைத்தன. 2025 மார்ச் 28, வெள்ளி: பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு சோபாவில் சென்னை - பெங்களூரு ஐபிஎல். 29, சனி: கண்டீரவா மைதானத்தில் பெங்களூரு எஃப்சி - மும்பை சிட்டி ஐஎஸ்எல் ஃபுட்பால் நாக் அவுட். மூன்றாவது வழியாக, ஐபிஎல் பார்க்கச் சின்னசாமி கிரிக்கெட் மைதானத்துக்கே போகலாம்தான். குடும்பத்தோடு டிக்கெட் எடுக்க முடிந்தவர்கள் அதைப் பற்றி எழுதட்டும்.

முதலில் சோபா. எங்கள் வீட்டில் நான் சிஎஸ்கே, மகன் ஆர்சிபி. இந்த இரண்டும் மோதுகிற ராத்திரியில் யாராவது ஒருவர் வயிறெரிந்துதான் படுக்க வேண்டும். வேலை முடிந்து வரும் வழியில் ஐயங்கார் பேக்கரியில் கால் கிலோ காங்கிரஸ் கடலையும் (காரம் போட்ட வேர்க்கடலை) நாலு காரா பன்னும் வாங்கி வந்தேன். ஏழரைக்கு ஆட்டம். ஒன்பதாவது ஓவரில் பன் காலி. ஆர்சிபி 196 அடித்து முடித்ததும், இடைவேளையில் மகன் போனில் பிரியாணி சொன்னான். தோனி ஒன்பதாவது ஆளாக இறங்கியபோது எவர்சில்வர் கிண்ணத்தின் அடியில் கறிவேப்பிலையும் மிளகாய்ப் பொடியும்தான் மிச்சம். அதையும் விரலால் வழித்துக்கொண்டிருந்தேன். ஐம்பது ரன்னில் தோல்வி. சேப்பாக்கத்தில் 2008-க்குப் பிறகு ஆர்சிபிக்கு அதுதான் முதல் வெற்றி, அது என் வீட்டு ஹாலில் கொண்டாடப்பட்டது. ஃபிரிட்ஜைத் திறந்து, மிச்சமிருந்த பிரியாணியை நின்றபடியே முடித்துவிட்டுப் படுக்கும்போது மணி பன்னிரண்டு. "ஏங்க, இது மேட்ச் பாக்கறதா, மேயறதா?" என்றாள் மனைவி.

மறுநாள் மெட்ரோவில் மூன்று ஸ்டேஷன், கப்பன் பார்க்கில் இறங்கி மீதி நடை. ரசிகர் கூட்டம் நின்றுகொண்டே பாடுகிற வெஸ்ட் பிளாக் பக்கம் இடம். உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர் முதுகுதான் தெரியும், அதனால் நானும் நின்றேன். பெங்களூருவுக்கு 5-0 வெற்றி. ஐந்தாவது கோலுக்கு எனக்குத் தொண்டையே இல்லை. இடைவேளையில் ஒரு சமோசா. பத்தரைக்கு வீட்டில் இரண்டு சப்பாத்தி. மறுநாள் யுகாதிக்கு எதிர்வீட்டிலிருந்து வந்த ஒப்பட்டை (நம்ம ஊர் போளி) நான் இதில் சேர்க்கவில்லை.

என் பார்வையில் முடிவைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: ஆட்டத்தில் வாய்க்கு எத்தனை இடைவெளி கிடைக்கிறது என்பது. டி20-யில் நாற்பது ஓவர், ஒவ்வொரு ஓவர் முடிவிலும் ஒரு விளம்பரம். போதாததற்கு இன்னிங்ஸுக்கு இரண்டு வீதம் நாலு டைம் அவுட், ஒவ்வொன்றும் இரண்டரை நிமிடம். விக்கெட் விழுந்தால் இன்னொரு இடைவெளி. அத்தனை இடைவெளியிலும் கை தானாகக் கிண்ணத்துக்குப் போகிறது. எவ்வளவு போனது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை, கண் திரையில் இருக்கிறதே. அந்த விளம்பரங்களிலும் பாதி நேரம் யாரோ எதையோ தின்றுகொண்டுதான் இருக்கிறார்கள். ஃபுட்பாலில் நாற்பத்தைந்து நிமிடம் ஒரே மூச்சு. குனிந்து பாக்கெட்டைப் பிரிக்கிற நேரத்தில் கோல் போய்விடும் என்கிற பயம் வேறு. பதினைந்து நிமிட இடைவேளையில் எவ்வளவு தின்றுவிட முடியும்? அதில் பாதி வரிசையில் நிற்கவே போய்விடும். ஆட்டமும் இரண்டு மணி நேரத்தில் முடிந்து, சாப்பாடும் தூக்கமும் கிட்டத்தட்ட அதனதன் நேரத்துக்கு வருகின்றன.

ஆனால் தோல்வி என்று ஒன்று வந்தால் இந்தக் கணக்கு ஆட்டம் காணும். யான் கோர்னில், பியர் ஷாந்தோன் இருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களைப் பற்றியது. ஞாயிற்றுக்கிழமை தோற்ற ஊர்களில் திங்களன்று மக்கள் தின்ற நிறைவுற்ற கொழுப்பு 16 சதவீதம் கூடியது. ஜெயித்த ஊர்களில் 9 சதவீதம் குறைந்தது. ஃபிரிட்ஜ் வாசலில் நின்ற எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் ஆறுதல். வாழ்க்கையில் உனக்கு எது முக்கியம் என்று தோற்றவர்களை எழுத வைத்தால் அந்தப் பசி அடங்குகிறது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. எழுதிப் பார்த்தேன். மூன்றாவது வரியில் பிரியாணி வந்தது.

ஏப்ரல் 12 ஐஎஸ்எல் இறுதி ஆட்டத்தில் மோகன் பகான் 96-ஆவது நிமிடத்தில் கோல் போட்டு பெங்களூரு எஃப்சியை 2-1 என்று ஜெயித்ததை சோபாவில் இருந்துதான் பார்த்தேன். ஆட்டம் முடியும்வரை ஒரு கடலைகூட வாயில் போடவில்லை. முடிந்ததும் தின்றதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நெஞ்சு பலவீனமானவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 2006 உலகக் கோப்பையில் ஜெர்மனி ஆடிய நாட்களில் மியூனிக் பகுதியில் இதய அவசரச் சிகிச்சைகள் வழக்கத்தைவிட 2.66 மடங்கு இருந்தன. அதுவும் ஃபுட்பால்தான்.

எனவே கண்டீரவா பக்கம் சாய்ந்தே எழுதுகிறேன் என்றாலும், என் சான்று ஒரு சீசன்தான். சுகர் 5.9-க்கு இறங்கியிருக்கிறது, ஆனால் அதே சமயத்தில் ஏரிக்கரையில் காலை நடையும் ஆரம்பித்தேன், எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கண்டீரவாவில் மகனும் நானும் ஒரே கட்சி என்பது ரத்தப் பரிசோதனையில் தெரியாத லாபம்.

ஐபிஎல்லை விட்டுவிட்டேனா என்றால், இல்லை. கடலைக் கிண்ணம் இப்போது சமையலறை மேல்தட்டுக்குப் போய்விட்டது. வேண்டுமானால் எழுந்து போய் ஒரு பிடி எடுத்து வர வேண்டும். கடைசியாகப் பார்த்த மேட்சில் பதினோரு தடவை எழுந்தேன் என்று மனைவி எண்ணிச் சொன்னாள்.